எந்த வழியாக வந்தது செய்தி?

1969 மே 13, செவ்வாய்க்கிழமை மாலை. கோலாலம்பூர் கம்போங் பாருவில், செலாங்கூர் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஹருண் இட்ரிஸின் வீட்டு முன் திரண்ட கூட்டத்திலிருந்து இனக்கலவரம் வெடித்தபோது, அங்கிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு எழ வேண்டியவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுப் படுப்பவர்கள். அன்றிரவு பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டுக்கு நிலைமையைச் சொன்னார். தொலைக்காட்சி மலேசியாவுக்கு வந்து அப்போது ஐந்தரை ஆண்டுகூட ஆகவில்லை. மின்சாரமே அரிதாக இருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் அந்தப் பெட்டிக்கு இடம் ஏது?

அந்தக் காலத்தில் பதினான்கு, பதினைந்து வயதில் தோட்டத்தில் இருந்த ஒருவர் இன்று உட்கார்ந்து, "துங்கு டிவியில் பேசினதை அன்னிக்கு ராத்திரியே பார்த்தேன்" என்று உறுதியாகச் சொன்னால் நாம் என்ன செய்வது? பொய் என்று தள்ளுவது அநியாயம். அப்படியே எழுதிக்கொண்டு வருவது சோம்பேறித்தனம். மலேசியத் தமிழர் வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் ஆட்களின் நினைவில்தான் இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

அதிர்ச்சிச் செய்தியைக் கேட்ட கணம் மனத்தில் எப்படிப் பதிகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர்கள் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள். 1977இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இதற்கு 'ஃப்ளாஷ் பல்ப் நினைவு' என்று பெயரிட்டது. கென்னடி சுடப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். இருந்த இடம், செய்துகொண்டிருந்த வேலை, செய்தி சொன்ன ஆள், அவர் முகம் போன போக்கு, தன் மனம் பட்ட பாடு, அடுத்து நடந்தது என்று நினைவின் அமைப்பும் ஒன்றுபோலவே இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொலையைப் பற்றிக் கேட்டபோது நிலைமை மாறியது. கறுப்பின மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கணம் துல்லியமாக இருந்தது. வெள்ளையரில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் இருந்தது. செய்தி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது தன் வாழ்க்கையை எவ்வளவு தொட்டது என்பதே பதிவின் ஆழத்தைத் தீர்மானித்தது. பேராக் தோட்டங்களைப் பற்றி யோசிக்கும்போது என் கையில் வலுவாக இருக்கும் கருவி இதுதான்.

இன்னொரு கருவியும் உண்டு, அது கொஞ்சம் சங்கடமானது. 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்பவர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை, மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரை மறுபடி எழுதச் சொன்னார். கால்வாசிப் பேர் எழுதியது முதலில் எழுதியதோடு எந்த இடத்திலும் ஒட்டவில்லை. உறுதிக்கோ குறைவே இல்லை. தங்கள் கையெழுத்தைக் காட்டியபோதும் சிலர் புதிய நினைவைத்தான் நம்பினார்கள். இதில் நமக்கு நேரடியாக உதவும் எண் ஒன்று உண்டு. முதல் தடவை, தொலைக்காட்சியில்தான் செய்தியை அறிந்தேன் என்றவர்கள் 21 விழுக்காடு. இரண்டாவது தடவை 45 விழுக்காடு. நண்பன் சொன்னது, வகுப்பில் காதில் விழுந்தது எல்லாம் காலப்போக்கில் திரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. பிறகு எத்தனையோ முறை பார்த்த படம், முதலில் கேட்ட குரலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நைசருக்கே இப்படி ஒரு நினைவு இருந்தது. 1941 டிசம்பர் 7, பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அன்று, பதின்மூன்று வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தபோது செய்தி குறுக்கிட்டதாகப் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார். டிசம்பரில் பேஸ்பால் ஏது என்று ஒருநாள் உறைத்தது. அன்று ஒலிபரப்பானது அமெரிக்கக் கால்பந்து ஆட்டமாக இருக்கலாம் என்றும், ஆடிய இரண்டு அணிகளின் பெயர்களும் பேஸ்பால் அணிகளின் பெயர்களே என்றும் வேறு ஆய்வாளர்கள் பிறகு சுட்டிக்காட்டினார்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய வீட்டுப் பையன், அமெரிக்கனாக வேண்டும் என்ற ஆசையில் நினைவுக்குள் பேஸ்பாலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான் என்று பொருள் கொள்ளவும் இடமிருக்கிறது.  

பேராக்குக்கு வருவோம். தோட்டத்து இளம்பிள்ளைகளின் காதில் விழுந்த பெரிய செய்திகளில் இரண்டு, ஒரே ஆண்டில் நாலரை மாத இடைவெளியில் வந்தன.

முதலாவது, 1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. டில்லியில் காந்தி சுடப்பட்டபோது அங்கே மாலை 5.17, மலாயாவின் கடிகாரத்தில் இரவு 7.17. வானொலி இருந்த இடங்களுக்கு அன்றிரவே செய்தி எட்டியிருக்கும். தோட்டத்தில் வானொலி இருந்த இடங்கள் இரண்டுதான்: துரையின் பங்களா, எழுத்தரான கிராணியின் வீடு. லயத்துக்கு அது மறுநாள் பெரட்டில்தான் வந்திருக்கும். கடல் கடந்து நடந்த சாவானாலும் அது தன் வீட்டுச் சாவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. 1954இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் முன்னின்று எழுப்பிய பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்றுதான் பெயர் வைத்தார்.

இரண்டாவது செய்தி வெளியிலிருந்து வரவில்லை; அதே சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி உலகத்துக்குப் போனது. 1948 ஜூன் 16, புதன்கிழமை காலை, எல்பில் தோட்டத்துக்கு மிதிவண்டியில் வந்த மூவர் நிர்வாகி வாக்கரை அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சிறிது நேரத்தில் ஃபின் சூன் தோட்டத்தில் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் கிறிஸ்டியனும் சுடப்பட்டார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும், இரண்டு நாளில் மலாயா முழுவதிலும் அவசரகாலம் வந்தது. தலைமை இடாத உத்தரவு அது என்று மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் பிற்காலத்தில் சொன்னார். இலண்டன் பத்திரிகைகள் துரைமார் கொலை என்று எழுதின. எல்பிலிலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது என்னவாக இருந்தது?

சட்டென்று பயமும் குழப்பமும்தான். தொழிற்சங்கம் அந்த நாளில் லயங்களுக்குள் நன்றாக ஊடுருவியிருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி என்ற தமிழர்; அதற்கு அடுத்த ஆண்டு, 1949 மே 4இல், புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சங்கத்தில் சந்தா கட்டியவர் வீட்டில் போலீஸ் நுழைந்தால், 'துரையைச் சுட்டுட்டாங்களாம்' என்ற ஒரு வரியைவிட அந்தப் பூட்ஸ் சத்தம்தான் பிள்ளையின் நினைவில் தங்கும்.

அந்தச் செய்தியின் விளைவு கையில் பிடிக்கக்கூடிய பொருளாகவே வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் படம் எடுத்து, கட்டைவிரல் ரேகை வைத்து அடையாளக் கார்டு வாங்க வேண்டும் என்று அவசரகாலச் சட்டம் சொன்னது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின், சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டு முள்வேலிக்குள் போயின. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காக ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களை வேலி வாசலில் சோதித்தார்கள். சோற்றுப் பொட்டலம்கூட உள்ளேதான் இருக்க வேண்டும். காட்டின் மேல் ஒலிபெருக்கி கட்டிய விமானம் பறந்து, சரணடையச் சொல்லிக் கூவிவிட்டுப் போகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு அரசாங்கம் என்பது வானத்திலிருந்து வரும் குரல்.

அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவும் உண்டு. மக்கள் மனத்தைப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கில் அவசரகால அரசாங்கம் புதுக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. படம் காட்டும் வேன்களை அனுப்பியது. 1948 ஜனவரியில் காந்தி இறந்த செய்தி துரை, கிராணி, தண்டல் என்று படியிறங்கி வந்தது. சில ஆண்டுகளில் அந்தப் படிகளைத் தாண்டி ஒரு குரல் நேராக லயத்துக்குள் பேசத் தொடங்கியது. அது அரசாங்கத்தின் குரல் என்பதும், கேட்பவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது என்பதும் முக்கியம்.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. கார்டு முடியவில்லை. புதிதாக வந்த கார்டில் குடியுரிமை உள்ளவருக்கு நீலம், இல்லாத நிரந்தரவாசிக்குச் சிவப்பு. இந்த நிறம் ஒன்பது ஆண்டு கழித்துப் பேச ஆரம்பித்தது.

இனி 1969. பேராக் தலைநகர் ஈப்போவின் இளைஞர்களுக்கு அந்த ஆண்டின் முதல் அதிர்ச்சி மே மாதத்தில் வந்ததல்ல. மார்ச் 15ஆம் தேதி, ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினர் டி.ஆர். சீனிவாசகம் காலமானார். மக்கள் முற்போக்குக் கட்சியை அவரும் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் ஈப்போவில் கோட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். மே 10 தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் ஆளும் கூட்டணிக்குக் கிடைத்தது 19. முற்போக்குக் கட்சிக்கு 12, ஜனநாயக செயல் கட்சிக்கு 6, கெராக்கானுக்கு 2, பாசுக்கு 1. செலாங்கூரில் சரிபாதி என்றால் பேராக்கில் ஆளுங்கட்சி சிறுபான்மை. பேராக்கில் அடுத்து யார் ஆளப்போகிறார்கள் என்ற பேச்சே ஈப்போவில் சூடாக இருந்திருக்கும். கோலாலம்பூர்ச் செய்தி அந்தப் பேச்சின் நடுவில்தான் விழுந்தது.

மே 14, புதன்கிழமை காலையைத் தெரிந்த கூறுகளை வைத்து அடுக்கிப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, ரிமூவ் என்ற புகுமுக வகுப்பு தாண்டி, ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்குப் பஸ்ஸில் போய்வரும் தோட்டத்துப் பையன் ஒருவன். அவனே தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையில் ஓடும் தபால். பத்திரிகைத் தலைப்பு, பள்ளிக்கூடத்துப் பேச்சு, ரொட்டிக்கடைச் செய்தி எல்லாம் சாயங்காலம் அவன் வழியாகத்தான் லயத்துக்கு வரும். அன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. ஊரடங்கு பேராக்கின் பகுதிகளுக்கும் நீண்டது. தமிழ் நேசன் முதலிய நாளேடுகள் அச்சாகும் கோலாலம்பூரிலேயே வெளியே தலை காட்ட முடியாத நிலை. பிறகு பத்திரிகைகளை அரசாங்கமே சில நாள் நிறுத்தி வைத்து, தணிக்கையோடு திரும்ப விட்டது. மிச்சம் இருந்தது வானொலி. அது சொன்னதும் ஊரடங்கு நேரங்கள், அமைதி காக்கச் சொல்லும் வேண்டுகோள்கள். மே 15இல் நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. துணைப் பிரதமர் துன் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. இதெல்லாம் பின்னால் நூல்களில் படித்துத் தெரிந்துகொண்ட வரிசை. அந்த வாரத்துத் தோட்டத்தில் இவற்றின் இடத்தில் இருந்தது வதந்தி.

வதந்திக்கு உருவம் கொடுப்பவர்கள் தினமும் தோட்டத்துக்கு வந்து போகிறவர்கள்: மளிகைக் கடைச் சீனர், மோட்டார் சைக்கிள் ரொட்டிக்காரர், பால் ஏற்றும் லாரி ஓட்டுநர். யார் சொன்னார் என்பதைப் பொறுத்து யார் அடித்தார்கள், யார் செத்தார்கள் என்ற கதை மாறும். ஆகவே இந்த நினைவுகளைச் சேகரிக்கும்போது, "என்ன கேள்விப்பட்டீர்கள்?" என்பதைவிட "யார் சொன்னது?" என்ற கேள்வி நம்மை அதிக தூரம் அழைத்துப் போகும். பிரவுனும் குலிக்கும் கண்ட ஆறு கூறுகளில் மறந்துபோனாலும் மீட்டுப் பார்க்க வழியுள்ளது அந்த ஆள்தான். தொலைக்காட்சிப் படம் அவர் மேல் போர்த்தியிருக்கலாம். பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தால் போர்வை விலகும்.

அதிகாரபூர்வக் கணக்கில் மாண்டவர்கள் 196 பேர்: சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, மற்றவரும் அடையாளம் தெரியாதவரும் 15. உண்மை எண்ணிக்கை இன்னும் அதிகம் என்று கருதுவோர் பலர். பேராக் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மரணங்கள் தூரத்துச் செய்தி. பிரவுன், குலிக் கண்டதை அளவுகோலாக வைத்தால், மே 13 அங்கே ஆழமாகப் பதிந்திருக்கவே காரணமில்லை. பதிந்திருக்கிறது என்றால் ஏன்?

ஏனென்றால் அதைத் தொடர்ந்து வந்தது வேலை பெர்மிட். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1969இல் கெடுபிடியாக அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் ஆண்டு 1968. கலவரத்துக்கு முன்பே நிறைவேறியது. 'மே 13 வந்ததும் நம்மாளுங்களை ஊருக்கு அனுப்பிட்டாங்க' என்று சொல்லும் நினைவு, சட்டத்தின் பிறப்பைப் பொறுத்தவரை தவறு. அது அமலான சூழலைப் பொறுத்தவரை தப்பில்லை. கலவரத்துக்குப் பின் வேலையில்லாத் திண்டாட்டம் அரசியலின் மையத்துக்கு வந்துவிட்டது. குடிமக்களுக்கே முதலிடம் என்ற அழுத்தத்தில் சிவப்புக் கார்டு வைத்திருந்தவர் கழுத்தில்தான் கத்தி விழுந்தது. 1969, 1970 ஆண்டுகளில் ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள், தமிழகம் திரும்பியதாகக் கணக்கு. பேராக்கிலிருந்து போனவர்கள் ரயிலில் பிறை வரை போய், படகில் பினாங்கு தாண்டி, ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனார்கள்.

குடியுரிமை ஏன் வாங்கவில்லை என்று இன்று எளிதாகக் கேட்டுவிடலாம். 1957 சுதந்திரத்துக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. அந்தச் செய்தி லயத்துக்கு எவ்வளவு தூரம் வந்தது, யார் வழியாக வந்தது, வந்தபோது எவ்வளவு முக்கியமாகத் தோன்றியது என்பதுதான் விஷயம். அதில் துப்பாக்கியும் இல்லை, ஊரடங்கும் இல்லை. நோட்டீஸ் பலகையில் ஒட்டும் தாள். யாருடைய நினைவிலும் அது ஃப்ளாஷ் பல்ப் எரிய வைக்கவில்லை. தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட செய்தி 1958இல் சத்தமில்லாமல் வந்து போய்விட்டது என்றே நான் நினைக்கிறேன். 1969இல் வந்தது அதன் பில்.

சட்டத்தின் கோடு வீட்டுக்குள்ளேயே விழுந்தது. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962இல் சட்டம் திருத்தப்படும் வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பே குடியுரிமை தந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் இந்தியாவில் பிறந்தவர்களானால், தானாகக் கிடைக்காது. எழுதிப் போட்டு வாங்க வேண்டும். 1955இல் பிறந்த அண்ணன், 1958இல் பிறந்த தங்கை. பதினான்கு வயது அண்ணனின் கையில் சிவப்புக் கார்டு இருந்தாலும், பதினொரு வயதுத் தங்கைக்குப் பன்னிரண்டு வந்ததும் நீலம் கிடைக்கும். அப்பா, அம்மா இருவரும் சிவப்பு. அந்த வீட்டில் பெர்மிட் பாரத்தை நிரப்பும் அளவுக்கு ஆங்கிலம் படித்தவன் அந்தப் பதினான்கு வயதுக்காரன்தான். நாட்டுச் செய்தி தன் வீட்டுச் செய்தியானதை அவன் தன் கையாலேயே எழுதியிருப்பான்: பிறந்த ஊர், நாட்டுக்கு வந்த ஆண்டு, கப்பல் பெயர் நினைவில்லையென்றால் ஒரு கோடு.

பதின்ம வயதிலும் இருபதுகளிலும் நடந்த பொது நிகழ்ச்சிகளையே மக்கள் பின்னாளில் தம் காலத்தின் பெரிய நிகழ்ச்சிகளாகச் சொல்கிறார்கள் என்று ஷுமன், ஸ்காட் என்ற சமூகவியலாளர்கள் 1989இல் காட்டினார்கள். சரிதான். ஆனால் எந்த நிகழ்ச்சி என்பதை வயது மட்டும் முடிவுசெய்வதில்லை. அதே வயதில் ஈப்போ டவுனில் வளர்ந்த பிள்ளைக்கு 1969 என்பது தேர்தலும் ஊரடங்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது பக்கத்து வீடு காலியானது. இருவரும் 'மே 13' என்றே சொல்வார்கள்.

1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை இந்தச் சூழலில் வைத்துப் பார்ப்பது நல்லது. துண்டாடி விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களின் பணத்திலேயே வாங்க வேண்டும் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். அந்தக் காலச் சம்பளத்தில் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. நாளை வேலை போனால் நிற்க ஒரு மண் வேண்டும் என்ற பயம் 1969க்கு முன்பே லயங்களில் இருந்தது என்பதற்கு அந்தச் சந்தா ரசீதுகளைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்று அந்தத் தோட்டங்களில் பலவற்றில் ரப்பர் இல்லை. செம்பனை வந்தது, ஈப்போவை ஒட்டிய இடங்களில் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிந்தன; தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங் எல்பில்' என்பது போலத் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1969இல் பதினான்கு வயது ஆனவர்கள் எழுபதை எட்டிவிட்டார்கள். 1948இல் அந்த வயதில் இருந்தவர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்பதற்கான காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை எளிது. மே 13 அன்று எங்கே இருந்தீர்கள் என்று தொடங்காதீர்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கும், பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகவும் இருக்கும். உங்கள் லயத்தில் வீடு வரிசையாக யார் யார் இருந்தார்கள், அவர்களில் யார் ஊருக்குப் போனார்கள், போகிறோம் என்று உங்களிடம் முதலில் சொன்னது யார் என்று கேளுங்கள். பிறகு அந்தக் குடும்பங்களின் பெயர்களைத் தோட்டத்துச் செக்ரோல் (ஆள் பதிவு) புத்தகங்களிலும், தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் தேடுங்கள். எங்கே கிடைக்கிறதோ அங்கே தேதியும் கிடைக்கும். அது 1969 மே மாதத்துக்கு முன்பா பின்பா என்பதைப் பார்த்த பிறகு, தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.